மூலை அறை டீச்சரின் முகம்

பள்ளிக்கூடம் இருக்கும் தெருவில் டீச்சருக்கு இப்போது எந்த வேலையும் கிடையாது. ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் ரொட்டி வாங்கப் போகிறேன் என்று கிளம்பினால், கால் தானாக அந்தத் தெருவுக்குத்தான் திரும்புகிறது. ரொட்டிக் கடை இருப்பதோ நேர் எதிர்ப்பக்கம். கூடவே குடியிருக்கும் தம்பிக்கு இது நன்றாகவே தெரியும். "போயிட்டு வாக்கா, ரொட்டிக் கடையை இன்னிக்கு எந்தப் பக்கம் தூக்கி வச்சிருக்காங்களோ!" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வான்.

அங்கே போய் அவர் பார்ப்பது ஒரே ஒரு ஜன்னலைத்தான். தாழ்வாரம் முடிகிற இடத்தில், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் மூலை அறை. இப்போது அதற்குள் வரிசையாகக் கணினிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி, சுவருக்கு நல்ல வெள்ளை, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. டீச்சருக்கு அது பிடிப்பதில்லை. அவர் காலத்தில் அந்த அறையில் ரப்பர் பந்து வாசனை அடிக்கும். அதற்கு முன்னால் விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த இடம் அது. பந்துகளை வெளியே எடுத்துப் போட்டு, தரையைத் தேய்த்துக் கழுவியும் வாசனை மட்டும் போக மறுத்துவிட்டது. மழை நாளில் இன்னும் தூக்கலாக வரும். அந்த வாசனைக்காகத்தான் வேலி ஓரம் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் விஷயம் அதுதான்.

அவர் அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்ததே ஒரு வேடிக்கை. அப்போது அவருக்கு இளம் வயது. மற்றவர்களைப் போல ஒரு வகுப்பு, ஒரு கரும்பலகை என்று நிம்மதியாக இருந்தார். ஒருநாள் தலைமை ஆசிரியை எல்லோரையும் கூப்பிட்டு, "படிப்பு ஏறாத பிள்ளைங்களைத் தனியா உக்கார வச்சுச் சொல்லிக்குடுக்கணும், யாரு எடுத்துக்கறீங்க?" என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் ஒருவர் நகத்தைப் பார்த்தார், ஒருவர் விட்டத்தைப் பார்த்தார், ஒருவருக்குத் திடீரென்று இருமல் வந்தது. நம் டீச்சரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அவர் முகம் சும்மா இருக்கவில்லை. 'ஐயோ பாவம்' என்று முகம் முழுக்க எழுதி ஒட்டியிருந்தது. "நீங்களே எடுத்துக்கங்க. வாயால சொல்லலைன்னா என்ன, அதான் மூஞ்சியே சொல்லுதே" என்று தலைமை ஆசிரியை முடித்துவிட்டார்.

முகம் அவரைக் காட்டிக்கொடுத்தது அது முதல் தடவையல்ல. சின்ன வயதில் தம்பியோடு சீட்டு விளையாடி அவர் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. நல்ல சீட்டு வந்தால் புருவம் இரண்டும் நெற்றி உச்சிக்கு ஏறிவிடும். மோசமான சீட்டு வந்தால் உதடு கோணும். "அக்கா, உன் கையில இருக்கற சீட்டை நீ பாக்க வேண்டாம், உன் மூஞ்சியைப் பாத்து நானே சொல்றேன்" என்று தம்பி கொக்கரிப்பான். அம்மாவிடம் பொய் சொன்னாலும் இதே கதைதான். வீட்டில் எது உடைந்தாலும் அம்மா முதலில் வந்து பார்ப்பது இவர் முகத்தைத்தான்.

இப்படிப்பட்ட முகத்தை வைத்துக்கொண்டு மூலை அறையில் உட்கார்ந்தவரைப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. மற்ற வகுப்புகளில் தப்பாகப் படித்தால் சிரிப்பார்கள், அல்லது பெருமூச்சு விடுவார்கள். பெருமூச்சு சிரிப்பைவிட மோசம். மூலை அறையில் அந்த இரண்டும் கிடையாது. முதல் நாள் வருகிற பிள்ளையிடம் டீச்சர் புத்தகத்தை எடுக்கவே மாட்டார். "உனக்கு என்ன நல்லா வரும்?" என்றுதான் கேட்பார். ஒருத்தன் மூக்கால் விசில் அடித்துக் காட்டினான். ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் மாதக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்த குழாயை ஒரு துண்டு ரப்பரை வைத்து அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இதெல்லாம் தெரிஞ்சவளுக்கு எழுத்து என்ன பெரிய விஷயமா?" என்பார் டீச்சர். அதைக் கேட்டதும் குனிந்த தலை கொஞ்சம் நிமிரும். நிமிர்ந்த தலையை வைத்துக்கொண்டுதான் எதையும் சொல்லிக்கொடுக்க முடியும் என்பது அவர் கட்சி.

சொல்லிக்கொடுக்கிற முறையும் அவருடைய சொந்தச் சரக்குதான். தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொல்வார். செருப்பு டப்பா மூடியைக் கத்தரித்து, நடுவில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி வைத்திருப்பார். அதைப் புத்தகத்தின் மேல் வைத்து நகர்த்தினால் ஒரு தடவைக்கு ஒரு வார்த்தைதான் கண்ணில் படும், மற்றதெல்லாம் மறைந்துவிடும். ஒரு பக்கத்தைப் பார்த்தாலே மிரளுகிற பிள்ளை, ஒரு வார்த்தையைப் பார்த்து மிரளாது. எதிரே நாற்காலி போட்டு, முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அந்த ஜன்னலை மெல்ல நகர்த்துவார். பிள்ளைகள் படித்தன. நன்றாகவே படித்தன. மூலை அறை டீச்சருக்குக் கைராசி என்று பெற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டு அவருக்கு உச்சி குளிர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எப்படியும் முகத்தில் தெரிந்திருக்கும்.

பிறகுதான் வாலு வந்தாள்.

வாலு என்பது அவளுக்கு அவள் அம்மாவே வைத்த பெயர். ஒரு இடத்தில் நிற்காது, ஒரு நிமிஷம் வாய் மூடாது. அப்பா கிடையாது. அம்மா கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். வாலு ஒரே வகுப்பில் ஏற்கெனவே ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டவள். கூடப் படித்தவர்கள் மேலே போய்விட்டார்கள், தங்கையைப் போன்றவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் அவ்வளவு பேச்சு என்று டீச்சருக்குப் பார்த்ததுமே புரிந்தது. "உனக்கு என்ன நல்லா வரும்?" என்று கேட்டதற்கு, "எனக்கா? ஒண்ணும் வராது" என்று பட்டென்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு டீச்சருக்கு நெஞ்சு வலித்தது.

ஆனால் எழுத்து அவளுக்கு மளமளவென்று வந்தது. அறைக்கு வந்து சில மாதங்களிலேயே பத்தி பத்தியாகப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு வார்த்தையில் தடுக்கினால், "மழை... மலை... மரம்" என்று இரண்டு மூன்று போட்டுப் பார்த்துச் சரியானதைப் பிடித்துவிடுவாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு வேகமாகத் தேறிய பிள்ளையை அவர் பார்த்ததில்லை. நேராகத் தலைமை ஆசிரியரிடம் போய், "சார், நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்க" என்று அழைத்துவிட்டார்.

முந்தைய தலைமை ஆசிரியை போய், அப்போது புதிதாக வந்திருந்தவர் அவர். பிள்ளைகள் பெரிய சார் என்பார்கள். நல்ல மனிதர், ஆனால் முகம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். ஒரு சுருக்கம், ஒரு மடிப்பு பார்க்க முடியாது. அவர் அறையில் வாலுவை நிற்க வைத்து, அவள் ஏற்கெனவே படித்த பாடத்தையே கொடுத்தார். டீச்சர் கதவருகில், அவளுக்குப் பின்னால் நின்றார்.

வாலு முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரியில் ஒரு வார்த்தையில் நின்றாள். தலையைத் தூக்கிப் பெரிய சாரைப் பார்த்தாள். "மழை" என்றாள். மறுபடி பார்த்தாள். "மலை" என்றாள். அவர் அசையவில்லை. வாலு உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, புத்தகத்திலேயே இல்லாத வார்த்தைகளையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். பிறகு புத்தகத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வராதுன்னு முன்னாடியே சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடிவிட்டாள்.

பெரிய சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். "டீச்சர், வருஷக் கடைசியில இன்னொரு தடவை கேக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கற தனிப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பணும். இன்னொரு வருஷம் இதே வகுப்புல உக்கார வைக்க எனக்கு அனுமதி இல்ல" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருப்பது பல நேரம் உதவிக்கு வருவதில்லை.

அன்று சாயங்காலம் டீச்சர் தையல் கடைக்குப் போனார். துண்டுத் துணிகள் இறைந்து கிடந்த ஒரு சின்ன அறை. வாலுவின் அம்மா மிஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் காலை மிதியிலிருந்து எடுத்தார்.

"ரெண்டு பஸ் மாத்திப் போகணும் டீச்சர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு. யாரு கூட்டிட்டுப் போறது? கடையைச் சாத்திட்டு நான் போக முடியுமா? உங்க பள்ளிக்கூடத்துல வேணாம்னா, இங்கயே உக்காந்து பட்டன் தைக்கட்டும். என்ன பண்றது."

"அவசரப்படாதீங்கம்மா. இன்னும் நாள் இருக்கு" என்றார் டீச்சர். குரல் அவருக்கே நம்பிக்கையாக இல்லை.

வாலு கடை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு ஆள் தைத்த சட்டையை வாங்க வந்துகொண்டிருந்தார். அவர் இன்னும் படி ஏறவில்லை. "அம்மா, இவருக்குக் கழுத்துப் பட்டி பிடிக்காது. சண்டை போட மாட்டாரு, முனகுவாரு" என்றாள் வாலு. அவர் வந்தார், சட்டையை விரித்தார், பட்டியைத் தடவினார், முனகினார். அடுத்து ஒரு பெண் வந்தாள். "இவங்களுக்கு வேலை ஒண்ணும் இல்ல, சும்மா பேச வந்திருக்காங்க." அதுவும் அப்படியே.

"எப்பவும் இப்படித்தான்" என்று அம்மா சிரித்தார். "ஆளு மூஞ்சியைப் பாத்தாப் போதும், உள்ள என்ன ஓடுதுன்னு சொல்லிருவா. எனக்கு இந்தக் கடையில பாதி பலமே அதுதான்."

வாலு அப்போதுதான் டீச்சர் பக்கம் திரும்பினாள். ஒரு நொடி பார்த்தாள். "நீங்க இப்ப அழப் போறீங்க" என்றாள்.

டீச்சர் அழவில்லை. படிக்கும்போதெல்லாம் இவள் கண் எங்கே இருந்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டுக்கு எப்படி நடந்து போனார் என்று அவருக்கு இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

மறுநாள் மூலை அறையில் வாலு நன்றாகப் படித்த ஒரு பக்கத்தையே எடுத்துக் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய், தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"படி."

கொஞ்ச நேரம் கழித்து, "திரும்புங்க டீச்சர்" என்றாள் வாலு.

"எதுக்கு?"

"தெரிய மாட்டேங்குது."

"எழுத்து புத்தகத்துலதானே இருக்கு?"

"இல்ல, உங்க மூஞ்சியிலதான் இருக்கு" என்றாள் வாலு. கேலியாகச் சொல்லவில்லை. தண்ணீர் குழாயில் வருகிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். முதல் எழுத்தைப் பார்த்து ஒரு வார்த்தையைச் சொல்வாள்; டீச்சரின் புருவம் இறங்கினால் அடுத்ததைச் சொல்வாள்; புருவம் ஏறினால் அதுதான் சரி. இதைப் போய் ஒரு தந்திரம் என்றே அவள் நினைத்திருக்கவில்லை. எல்லோரும் இப்படித்தான் படிக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். மற்ற டீச்சர்களின் முகம்தான் சரியில்லை.

டீச்சர் மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, திரும்பி நின்று படிக்கச் சொன்னார். குழாயை அடைத்தவள் படித்துவிட்டாள். மூக்கு விசில்காரன் பாதியில் நின்றான். வேறு சிலர் ஆரம்பிக்கவே இல்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. தேறிவிட்டார்கள் என்று கைதட்டி அனுப்பிய முகங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. அவர்களில் எத்தனை பேர் புத்தகத்தைப் படித்தார்கள், எத்தனை பேர் தன்னைப் படித்தார்கள் என்று யாரைப் போய்க் கேட்பது? இரக்கப்பட்டு இரக்கப்பட்டே பிள்ளைகளின் கண்ணைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டோமே என்று இருந்தது.

வீட்டில் இதைச் சொன்னதும் தம்பி முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். அவன் பேருந்து நிலையத்தில் குமாஸ்தா. நாளெல்லாம் ஜன்னல் வழியாக ஆட்களோடு மல்லுக்கட்டுகிறவன். "மூஞ்சியை இறுக்கமா வச்சுக்கப் பழகு, என்ன பெரிய விஷயம்" என்று சீட்டுக்கட்டை எடுத்தான். இரண்டு பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பழகினார்கள். டீச்சர் பல்லைக் கடித்து, கண்ணை நிலைகுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பல்லு வலியாக்கா?"

"இல்லடா."

"அப்ப நல்ல சீட்டு வந்திருக்கு."

வந்திருந்தது. டீச்சர் சீட்டுகளை வீசிவிட்டு எழுந்துவிட்டார். நாற்பது வயதுக்கு மேல் புது முகம் முளைக்காது என்று இருவருக்கும் புரிந்தது.

மாற்ற முடியாத முகத்தை மறைக்கத்தான் வேண்டும். பேப்பரை விரித்துப் பிடித்துப் பார்த்தார். வாலு பேப்பருக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தாள். கடைசியில் நாற்காலி இரண்டையும் முதுகோடு முதுகாகப் போட்டார். ஒருவர் சுவரைப் பார்த்து, ஒருவர் ஜன்னலைப் பார்த்து. இது நடந்த முதல் வாரம் நரகம். வாலு படிக்கவே மறுத்தாள். நாற்காலியை உதைத்தாள். ஒருநாள், "உங்களுக்கு என்னைப் பிடிக்கல. அதான் திரும்பி உக்காந்திருக்கீங்க. பெரிய சார் சொன்னதும் எல்லாரும் மாதிரி நீங்களும் மாறிட்டீங்க" என்று கத்தினாள்.

டீச்சர் திரும்பவில்லை. கண்ணீர் வழிய, சுவரைப் பார்த்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்ததாக நினைத்தார்.

"டீச்சர், முதுகு ஆடுது. அழறீங்களா?"

"இல்ல."

"பொய் சொல்றீங்க. முதுகுலயே தெரியுது."

இருவருக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. இனி முதுகும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கை இடைவெளி விட்டார்கள். வாலு, சரி, படித்துப் பார்க்கிறேன் என்று புத்தகத்தை எடுத்தாள்.

ஆனால் இன்னொரு தொல்லை இருந்தது. பாடம் முழுவதும் டீச்சருக்கு மனப்பாடம். சரியான வார்த்தை வந்ததும் அவரை அறியாமலே ஒரு 'ம்' வந்துவிடும். அது வராவிட்டால் மூச்சாவது வரும். வாலுவின் காதுக்கு அது போதும். அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தனக்கே தெரியாத கதையாக இருந்தால்? எந்த வார்த்தை சரி என்று தனக்கே தெரியாவிட்டால், எங்கிருந்து காட்டிக்கொடுப்பது?

தம்பி கதை எழுத ஆரம்பித்தான். குமாஸ்தாவுக்குக் கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்; கதை அந்த அளவுக்கு இருக்காது. ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, மடித்து, அக்காவின் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுவிடுவான். அக்கா பிரிக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். வாலுதான் பிரிப்பாள். "எனக்கு இந்தக் கதை தெரியாது. நீ படிச்சாத்தான் எனக்குத் தெரியும்" என்பார் டீச்சர். அது வாலு வாழ்க்கையில் கேட்டிராத வார்த்தை. அவளுக்குத் தெரிந்தது, டீச்சருக்குத் தெரியாதது என்று உலகத்தில் ஒன்று இருக்கிறது!

"திருடன் ஓடிப்போயி மழை மேல ஏறினான்" என்று படிப்பாள்.

"மழை மேலயா? அது எப்படி ஏறுவான்?"

தாள் சரசரக்கும். செருப்பு டப்பா ஜன்னல் பின்னால் நகரும். "மரம்! மரத்து மேல ஏறினான் டீச்சர். நான்தான் தப்பாச் சொன்னேன்." தப்பைத் தானே கண்டுபிடித்தவளின் குரலில் அவ்வளவு சந்தோஷம். சுவரைப் பார்த்தபடி டீச்சர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். முகம் தன் இஷ்டத்துக்கு என்னென்னவோ செய்துகொண்டிருக்கும். பார்க்கத்தான் யாரும் இல்லை.

வெயில் ஏறிய அந்த மத்தியான வேளைகளைத்தான் இப்போது வேலி ஓரம் நின்று அவர் தேடுகிறார். ரப்பர் வாசனை, தெருவில் போகிற சைக்கிள் மணி, முதுகுக்குப் பின்னால் தட்டுத் தடுமாறி வருகிற ஒரு குரல். கதை எப்படிப் போகும் என்று அவருக்கும் நிஜமாகவே தெரியாது. தம்பி எந்தக் கதையையும் ஒழுங்காக முடிக்க மாட்டான். திருடன் மரத்திலேயே உட்கார்ந்திருப்பான், தாள் தீர்ந்துவிடும். "உங்க தம்பிக்குக் கதை எழுதவே வரல. அவரை என்கிட்ட வரச் சொல்லுங்க, நான் சொல்லித்தரேன்" என்று வாலு தலையில் அடித்துக்கொள்வாள். டீச்சர் அதை வீட்டில் போய்ச் சொல்வார். தம்பிக்கு ரோஷம் வந்து அடுத்த கதையை இன்னும் மோசமாக எழுதுவான். மற்றப் பிள்ளைகளும் முதுகு காட்டி உட்காரப் பழகினார்கள். மூலை அறையில் எல்லோரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு, அங்கே ஏதோ பெரிய சண்டை என்று பியூன் வெளியே செய்தி பரப்பினார்.

ஆனால் வேகம் போய்விட்டது. முன்பு பத்தி பத்தியாக ஓடியவள் இப்போது வரிக்கு வரி ஊர்ந்தாள். சில நாள் முன்னேற்றம், சில நாள் நேற்றுப் படித்ததும் மறந்துபோகும். வருஷக் கடைசி நெருங்க நெருங்க டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு பஸ், பூட்ட முடியாத கடை, பட்டன் தைக்கும் ஸ்டூல்; இவைதான் கண் முன்னால் நின்றன. போதும், பழையபடி எதிரே உட்கார்ந்து எப்படியாவது ஒப்பேற்றிவிடலாமா என்றுகூட ஒருநாள் தோன்றியது. பெரிய சார் அறையில் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டால் போதும், புருவம் பார்த்துக்கொள்ளும். அந்த நினைப்பு வந்ததற்காக அவர் தன்மேலேயே எரிச்சல் பட்டார். ஆனால் நினைப்பு போகவில்லை. பெரிய சார் சொல்லியிருந்த அந்த நாள் காலையில் வாலுவைக் கூட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தபோதும் அது கூடவே நடந்து வந்தது.

பெரிய சார் புதுப் பாடம் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். யாரும் முன்னால் படிக்காதது. டீச்சரைப் பார்த்து, "நீங்க இப்படி வந்து என் பக்கத்துல நில்லுங்க டீச்சர். பிள்ளைக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்" என்றார்.

இஸ்திரி போட்ட முகத்துக்குள் இவ்வளவு ஈரமா என்று டீச்சருக்கு ஆச்சரியம். அவரே கூப்பிடுகிறார். யாரும் தப்பு சொல்ல முடியாது. ஒரு அடி எடுத்து வைத்தும்விட்டார். வாலு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் அப்போது என்னவெல்லாம் எழுதியிருந்ததோ, அவள் அத்தனையையும் ஒரு எழுத்து விடாமல் படித்திருக்க வேண்டும்.

"டீச்சர் வேண்டாம் சார்" என்றாள் வாலு. "அவங்க வெளிய இருக்கட்டும்."

டீச்சர் வெளியே போனார். கதவு பாதி சாத்தியிருந்தது. தாழ்வாரத்துச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

உள்ளே குரல் கேட்டது. கடலோரத்தில் விளக்கு ஏற்றுகிற ஒரு ஆளைப் பற்றிய பாடம். புயல் அடிக்கிறது; படகுகள் இன்னும் கரைக்கு வரவில்லை; அவன் படி ஏறுகிறான். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. ஆனால் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

"க..." என்றது குரல். டீச்சருக்கு அது என்ன வார்த்தை என்று தெரியவில்லை. எங்கோ ஒரு வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். "கல்..." என்றாள் வாலு. "இல்ல, இருங்க." தாள் மேல் விரல் நகரும் சத்தம்கூடக் கேட்பதுபோல் இருந்தது. வாய்விட்டுக் கூப்பிட்டுவிடக் கூடாதே என்று டீச்சர் கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"க... லங்... கரை. கலங்கரை விளக்கம்!" என்றாள் வாலு. "கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறினான்." அங்கே நிற்காமல் அடுத்த வரிக்குப் போனாள், அதற்கு அடுத்த வரிக்கும் போனாள். டீச்சர் சுவரோடு சாய்ந்துகொண்டு சத்தம் வராமல் அழுதார்.

"போதும்மா" என்றார் பெரிய சார். "பாஸ். நல்லாப் படிச்சே. இனிமே நீ எங்கயும் போக வேண்டாம்." நாற்காலி நகர்ந்தது. அவர் எழுந்து வந்து கதவைத் திறந்து, "டீச்சர், உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே நுழையப் போனார்.

வாலு திரும்பவில்லை. புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வாசல் பக்கமாக ஒரு கையை மட்டும் நீட்டித் தடுத்தாள்.

"இருங்க டீச்சர்" என்றாள். "படகு வந்துச்சா இல்லையான்னு இன்னும் தெரியல."